வேலையை விடாமல் நிறுவன மேம்பாட்டில் முதுகலை: திருப்பூர்க் கேள்வி ஒன்றுக்கு விரிவான பதில்

கேட்டவர் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஒன்பது வருடமாக எச்.ஆர்., கம்ப்ளையன்ஸ் (சட்டமும், பையர்கள் எனப்படும் வெளிநாட்டு வாங்குவோரும் கேட்கும் விதிகள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது) இரண்டையும் பார்ப்பவர். வயது 34. பி.காம். படித்தவர். ஆறு வயதில் ஒரு மகள். வேலையை விட முடியாது. தலைமைப்பண்பும் நிறுவன மேம்பாடும் சேர்ந்த முதுகலைப் படிப்பை நம் நேரத்துக்கு ஏற்றபடி படிக்கலாம் என்கிறார்களே, அதனால் பயன் உண்டா, எதைப் பார்த்துச் சேர வேண்டும், இங்கிலீஷில் எழுதிச் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். கூடவே ஒரு வரி: "ஒவ்வொரு ஆடிட்டிலும் ஃபைல் எல்லாம் சரியாக இருக்கிறது, லைனில் மட்டும் ஒன்றும் மாறவில்லை." ஆடிட் என்பது விதிகளைப் பற்றிய சோதனை, லைன் என்பது தையல் வேலை நடக்கும் இடம். அவர் எழுதிய அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படியுங்கள். வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். ஆனால் சேரும் படிப்பில் இரண்டு விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, உங்கள் கம்பெனியிலேயே ஒரு நிஜப் பிரச்சினையை எடுத்து மாதக்கணக்கில் வேலை செய்ய வைக்கும் ப்ராஜெக்ட். இன்னொன்று, மற்ற மாணவர்களோடு நேரில் உட்கார்ந்து பேசும் நாட்கள், வருடத்துக்குச் சில நாட்களாவது. நேரம் எப்படி வேண்டுமானாலும் வளையட்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் கையில் பட்டம் இருக்கும், லைன் அப்படியேதான் இருக்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவன மேம்பாட்டைத் துறைக்காரர்கள் ஓ.டி. என்பார்கள், ஆர்கனைசேஷன் டெவலப்மென்ட் என்பதன் சுருக்கம். உங்கள் ஊரில் ஓ.டி. என்றால் ஓவர்டைம். அதனால் இங்கே நிறுவன மேம்பாடு என்றே முழுசாக எழுதுகிறேன். இதை எச்.ஆர். படிப்போடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் இப்போது பார்க்கும் வேலை சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., லீவு, ஆடிட், ஆள் எடுப்பது. நிறுவன மேம்பாடு வேறு மாதிரிக் கேள்விகள் கேட்கும். டேமேஜ் பீஸைப் பார்த்தும் செக்கிங் பெண் ஏன் சொல்லாமல் விடுகிறார்? பையரின் ஆர்டரைக் கையாளும் மெர்ச்சண்டைசரும் புரொடக்‌ஷன் மேனேஜரும் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு ஏன் மெயிலில் சண்டை போடுகிறார்கள்? சூப்பர்வைசரை மாற்றிய பிறகும் அதே லைனில் அதே பிரச்சினை ஏன் திரும்பி வருகிறது? ஆள் மாறினால் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கும் பல விஷயங்கள் ஆளால் வருபவை அல்ல. வேலை அடுக்கப்பட்ட விதத்தாலும், குழுவுக்குள் சொல்லாமல் நடக்கும் விஷயங்களாலும் வருபவை. அதைப் பார்க்கவும், அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து மாற்றவும் கற்றுத்தருவதுதான் இந்தப் படிப்பு. தலைமைப்பண்பு என்ற சொல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதற்கும் காரணம் அதுதான்.

இந்தத் துறையின் பழைய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று நடந்தது உங்கள் தொழிலில்தான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஹார்வுட் என்ற பைஜாமா கம்பெனி. அதை நடத்திய ஆல்ஃபிரட் மாரோ உளவியல் படித்தவர். ஜெர்மனியிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறியிருந்த உளவியலாளர் கர்ட் லெவினை 1939-ல் தன் ஃபேக்டரிக்கு அழைத்தார். அங்கிருந்து தொடர்ந்த ஆய்வுகளில் ஒன்றை லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் 1948-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் பீஸ் ரேட், செய்த உருப்படிக்குத் தகுந்த கூலி. அங்கேயும் ஸ்டைல் மாறினால், முறை மாறினால் தகராறு.

அயர்ன் செய்பவர்கள் 18 பேர். அதுவரை தேய்த்த உருப்படிகளை அரை டஜன் அரை டஜனாக ஒரு தட்டை அட்டையின் மேல் அடுக்குவார்கள். இனிமேல் பெட்டியில் அடுக்க வேண்டும் என்று மாற்றினார்கள். மாற்றம் அவ்வளவுதான். வழக்கம்போலக் கூப்பிட்டு அறிவித்தார்கள், புது ரேட்டைச் சொன்னார்கள், சந்தேகம் கேட்டவர்களுக்குப் பதிலும் சொன்னார்கள். உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். இதே மாதிரி மாற்றம் வந்த வேறு சிறு குழுக்களில் வேறு வழி பார்த்தார்கள். செலவு ஏன் குறைய வேண்டும் என்பதைப் பொருளைக் காட்டியே விளக்கி, புது முறையையும் ரேட்டையும் வகுப்பதில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். சில நாட்களில் அவர்கள் பழைய அளவுக்கு வந்துவிட்டார்கள். பிறகு அதையும் தாண்டி ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். ஒருவரும் வேலையை விடவில்லை.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது அதற்குப் பிறகு வரும் பகுதி. முதல் குழுவில் மிஞ்சிய 13 பேரை இரண்டரை மாதம் கழித்து இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை அவர்களையும் திட்டமிடுவதில் சேர்த்துக்கொண்டார்கள். 'ஒத்துவராத ஆட்கள்' என்று பெயர் வாங்கியிருக்கக்கூடிய அதே பெண்கள் வேகமாகப் பழகி, முன்பைவிட அதிகம் செய்தார்கள். ஆள் மாறவில்லை, நடத்திய விதம் மாறியது. உங்கள் பேக்கிங் செக்‌ஷனில் போன மாதம் ஏதாவது முறையை மாற்றியிருப்பீர்கள். அதை யார், எங்கே நின்று, எத்தனை நிமிடத்தில் சொன்னார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கும் ஒரு கதை உண்டு. 1946 கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் என்ற ஊரில் லெவினும் அவருடைய சகாக்களும் இன உறவுகள் பற்றி ஒரு பயிற்சி நடத்தினார்கள். பகலில் பயிற்சி. மாலையில் பயிற்சியாளர்கள் மட்டும் கூடி, அன்று குழுக்களில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறிப்புகளைப் படித்துப் பேசுவார்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர் நாங்களும் உட்காரலாமா என்று கேட்க, லெவின் சரி என்றார். அவர்களில் ஒரு பெண்மணியைப் பற்றிய குறிப்பைப் படித்தபோது, அப்படி நடக்கவில்லை என்று அவர் மறுத்தார். பார்த்தவர் சொல்வது ஒன்று, நடந்துகொண்டவர் சொல்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே அறையில் வைத்துப் பேசியதில் எல்லோரும் கற்றது பகல் வகுப்பில் கற்றதைவிட அதிகம். அடுத்த நாட்களில் மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். லெவின் 1947 பிப்ரவரியில் இறந்துபோனார். அந்தக் கோடையில் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில் அவருடைய சகாக்கள் அதை ஒரு முறையாகவே தொடங்கினார்கள். டி-குரூப், அதாவது பயிற்சிக் குழு (ட்ரெயினிங் குரூப்) என்பது அதுதான். நாம் பேசுவது மற்றவர் காதில் எப்படி விழுகிறது என்பதை அந்த இடத்திலேயே, அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது. ரெக்கார்டு செய்த வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்து இதைக் கற்க முடியாது.

நம் நாட்டில் இதை நடத்துவதற்கென்றே இருக்கும் பழைய அமைப்பு ஐசாப்ஸ், இந்தியப் பயன்பாட்டு நடத்தை அறிவியல் சங்கம். 1971-ல் தொடங்கியது. அவர்களுடைய அடிப்படை மனித உறவுப் பயிலரங்கு சில நாட்கள் ஓரிடத்தில் தங்கிச் செய்வது. நீங்கள் சேரும் பட்டப்படிப்பில் நேரடி வகுப்பு குறைவாக இருந்தால், படிப்புக் காலத்துக்குள் ஒரு தடவையாவது இதில் கலந்துகொள்ளுங்கள். ஆறு வயது மகளை விட்டு நான்கைந்து நாள் தங்குவது லேசு இல்லை என்பது தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஒரு செமஸ்டர் முழுக்கப் புத்தகம் படிப்பதைவிட அந்த நாட்கள் உங்களுக்கு அதிகம் தரும்.

வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பு என்றால் முழுநேரப் படிப்பின் மலிவுப் பதிப்பு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. இந்தத் துறையில் அது பொருந்தாது. கலிபோர்னியாவின் பெப்பர்டைன் பல்கலைக்கழகம் 1975-ல் நிறுவன மேம்பாட்டுக்கென முதுகலைப் படிப்பு தொடங்கியபோது, அதை வேலையில் இருப்பவர்களுக்காகத்தான் வகுத்தது. வருடத்தில் சில தடவை ஓரிடத்தில் கூடித் தீவிரமாகப் படிப்பது, மற்ற நாட்களில் தங்கள் நிறுவனத்தில் அதைச் செய்து பார்ப்பது. சோதனைச்சாலை இல்லாமல் வேதியியல் படிக்க முடியாதில்லையா? உங்களுக்கு அந்தச் சோதனைச்சாலை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதுவும் ஒன்பது வருடமாக.

இந்தியாவில் இதற்கு நல்ல வேர் உண்டு. வேலையிடங்களையும் குழுக்களையும் ஆய்வு செய்யும் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே.ரைஸ் 1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லில் வேலை செய்தார். அங்கே தானியங்கித் தறிகள் வந்திருந்தன, எதிர்பார்த்த உற்பத்தி மட்டும் வரவில்லை. நெய்பவர் தனி, தறியின் பேட்டரியில் நூல் கண்டுகளை நிரப்புபவர் தனி, எண்ணெய் விடுபவர் தனி, பெருக்குபவர் தனி என்று வேலை துண்டு துண்டாக இருந்தது. சில தறிகளுக்கு ஒரு குழு பொறுப்பு என்று மாற்றிப் பார்க்கலாமா என்று பேச்சு வந்ததும், தொழிலாளர்கள் தாங்களே குழுவாகப் பிரிந்துகொண்டார்கள். உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது. 1970-ல் அதே டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் மில்லர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு ஷெட்டில் அந்த முறை பெருமளவு நிலைத்திருந்தது, வேறு இடத்தில் தேய்ந்துபோயிருந்தது. மாற்றம் ஏன் தேய்கிறது என்பதும் உங்கள் பாடத்தில் வரும். அப்புறம் பேராசிரியர்கள் உதய் பரீக்கும் டி.வி.ராவும் 1970-களின் நடுவில் எல் அண்ட் டி நிறுவனத்தில் செய்த வேலை. மனிதவள மேம்பாட்டுக்கென்று தனித் துறை நம் நாட்டில் அங்கிருந்துதான் தொடங்கியது. உங்கள் பதவிப் பெயருக்கே அது முன்னோடி.

சரி, எங்கே சேர்வது?

நேரே இந்தப் பெயரிலேயே முதுகலை நடத்தும் இடங்கள் இந்தியாவில் குறைவு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் நிறுவன மேம்பாடு, மாற்றம், தலைமைத்துவம் என்ற பெயரில் எம்.ஏ. நடத்தியிருக்கிறது. ஆனால் அது அங்கேயே தங்கிப் படிக்கும் முழுநேரப் படிப்பு, உங்களுக்கு ஒத்துவராது. அதனால் நடைமுறையில் உங்கள் முன்னால் இருப்பது மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. அதை இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் தொலைநிலையில் படிக்கலாம், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் படிக்கலாம், அல்லது கோவையில் மாலை நேரம், வார இறுதி வகுப்பாகப் படிக்கலாம். பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். பாடப்பட்டியலை முழுசாக வாங்கி, நிறுவன மேம்பாடு, மாற்ற மேலாண்மை, குழு இயக்கவியல், ஆய்வு முறைகள் என்ற தாள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இக்னோவின் பழைய பாடத்திட்டத்தில் நிறுவன வடிவமைப்பு, மேம்பாடு, மாற்றம் பற்றி எம்.எஸ்.-10 என்று ஒரு தாள் இருந்தது. அதன் புத்தகங்கள் எளிமையானவை. பழைய பிரதி கிடைத்தால் சேர்வதற்கு முன்பே ஒரு அலகைப் படித்துப் பாருங்கள். பிடிக்கிறதா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இக்னோவில் எம்.பி.ஏ.வுக்குப் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவம். மொத்தக் கட்டணம் ஒரு லட்சத்துக்குக் கீழே. குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் நான்கு வருடம். நீங்கள் மூன்றரை, நான்கு வருடம் என்றே கணக்குப் போடுங்கள். தொலைநிலைப் படிப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி. ஒரு செமஸ்டரில் ஐந்து தாள் எடுத்தால் 600 மணி. 26 வாரத்துக்கு வகுத்தால் வாரத்துக்கு 23 மணி. ஷிப்மென்ட் நேரத்தில் இரவு ஒன்பதுக்கு வீட்டுக்கு வரும் ஒருவருக்கு 23 மணி எங்கே இருக்கிறது? மூன்று, நான்கு தாள் வீதம் எடுத்தால் வாரம் 14, 18 மணி. ஞாயிறு காலையையும் தினமும் விடிகாலையில் இரண்டு மணி நேரத்தையும் ஒதுக்கினால் அது ஆகிற காரியம். தேர்வு ஜூன், டிசம்பரில் வரும். உங்கள் கம்பெனியின் ஷிப்மென்ட் நெருக்கடி எந்த மாதங்களில் என்பதைக் காலண்டரில் குறித்துப் பார்த்துவிட்டு, எந்தத் தேர்வுக்கு எத்தனை தாள் என்று முடிவு செய்யுங்கள்.

சட்டப்படியான சங்கதிகளில் நான் கண்டிப்பானவன். தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கு யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகள் உண்டு. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம் மட்டும் இருந்தால் போதாது. அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த முறைக்கு அனுமதி இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். இப்படி அங்கீகாரம் பெற்ற பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்தது. 2024-லிருந்து இந்தப் படிப்புகளில் சேர அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவின் டி.இ.பி. ஐ.டி. என்ற எண் கட்டாயம். அதை நீங்களே உங்கள் பெயரில் எடுக்கிறீர்கள், ஏஜென்ட் யாரும் தேவையில்லை.

போன் மேல் போன் போட்டு, "இன்னைக்கே சேர்ந்தா ஸ்காலர்ஷிப்" என்பவர்களிடம் மட்டும் அவசரப்படாதீர்கள். தவணை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் அது தங்கள் பெயரில் எடுத்த கடன் என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழில் பட்டம் தருவது யார் என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கைகோத்து ஆன்லைன் கம்பெனிகள் நடத்தும் பட்டங்களில் யு.ஜி.சி. அங்கீகரிக்காதவை உண்டு என்று 2023 டிசம்பரில் எச்சரிக்கையே வந்தது. ஆறு மாத, பத்து மாத தலைமைப்பண்புச் சான்றிதழ்களைத் தப்பு என்று சொல்லவில்லை. அவை முதுகலைப் பட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இனி ப்ராஜெக்ட். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் பகுதிநேரமாகப் படித்தபோது கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் பர்சனல் ஆபீசர். வயது 36. மெஷின் ஷாப்பில் முதல் ஷிப்டுக்கும் இரண்டாம் ஷிப்டுக்கும் ஓயாத சண்டை. ரிஜெக்‌ஷன் வந்தால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். அதையே ப்ராஜெக்டாக எடுத்து, 40 கேள்வி போட்டு ஒரு படிவம் அடித்து எல்லோருக்கும் கொடுத்தேன். எல்லாக் கேள்விக்கும் 'திருப்தி' என்று டிக் வந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்தக் கட்டைப் புரட்டிவிட்டு, "மதியம் ரெண்டு மணிக்கு அந்த ஷாப்புல என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்டார். ஆறு வருடம் அங்கே வேலை பார்த்த எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த இரண்டு வாரம் தினமும் ஒன்றே முக்காலுக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போய் அங்கே உட்கார்ந்தேன். ஒன்று ஐம்பதுக்கு முதல் ஷிப்ட் ஆட்கள் கை கழுவப் போய்விடுவார்கள். இரண்டாம் ஷிப்ட் கார்டு பஞ்ச் செய்து, உடுப்பு மாற்றி, மெஷினுக்கு வரும்போது இரண்டு ஐந்து. இருவரும் சந்திப்பதே இல்லை. நடுவில் இருப்பது ஒரு ஷிப்ட் புக். அதில் மாதக்கணக்காக ஒரே வார்த்தை: ஆல் ஓ.கே. மெஷினை வேலைக்கு ஏற்றபடி அமைத்துத் தரும் ஒரு மூத்த செட்டரிடம் கேட்டேன். "எழுதினா மெமோ வரும் சார். எழுதலைன்னா அடுத்த ஷிப்ட் பாத்துக்கும்."

மேனேஜரிடம் பேசி இரண்டு விஷயம் வாங்கினோம். மூன்று மாதத்துக்கு புக்கில் எழுதியதற்காக யாருக்கும் மெமோ கிடையாது. இரண்டு ஷிப்டும் பத்து நிமிடம் சேர்ந்து நிற்கும், அதற்குச் சம்பளம் உண்டு. எட்டு நாள் ஒருவரும் எழுதவில்லை. ஒன்பதாம் நாள் பென்சிலில் ஒரு வரி இருந்தது: 'நாலாம் நம்பர் லேத் சக் லூஸ். சொல்லியாச்சு.' அதற்குப் பிறகு புக் நிறைய ஆரம்பித்தது. அந்த வரியைப் பார்த்த மதியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் ஒரு தப்பும் செய்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதே இடத்தில்தான் நிற்கப் போகிறீர்கள். அறிக்கையில் அந்த மெமோ வாக்கியத்தை 'மூத்த செட்டர் ஒருவர் கூறியது' என்று அப்படியே போட்டுவிட்டேன். அந்த ஷாப்பில் மூத்த செட்டர் ஒரே ஒருவர்தான். அறிக்கையைப் படித்த மேனேஜர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். தண்டனை எதுவும் இல்லை. ஆனால் என்னைப் பார்த்தால் எழுந்து வந்து பேசுபவர் அதற்குப் பிறகு ஒரு வருடம் பேசவில்லை. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் வேலை முடிந்ததும் போய்விடுவார். நாம் மறுநாளும் அங்கேதான் இருப்போம், லீவு கார்டில் கையெழுத்துப் போடுபவராக. நம்மிடம் சொன்னவருக்கு எதுவும் ஆகக் கூடாது என்பதை முதல் நாளே மேலிடத்தில் பேசி, முடிந்தால் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். யார் சொன்னது என்று ஊகிக்கக்கூட இடம் தராமல் எழுத வேண்டும். அதற்காக ஒரு நல்ல வாக்கியத்தை விட்டுவிடுவதில் தவறில்லை.

உங்கள் கம்பெனியில் எதை எடுப்பது? புதிதாகச் சேரும் டெய்லர்கள் முதல் மூன்று மாதத்தில் ஏன் விலகுகிறார்கள் என்பதை எடுக்கலாம். ஸ்டைல் மாறும் அன்று லைனில் காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை என்ன நடக்கிறது என்பதை எடுக்கலாம். எனக்கு இதுதான் பிடித்தது, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் போதும். தொழிலாளர் கமிட்டிக் கூட்டத்தில் யார் பேசுகிறார்கள், யார் பேசுவதே இல்லை என்பதையும் எடுக்கலாம். பாலியல் துன்புறுத்தல் புகார்களைப் பார்க்கும் உள்ளகக் குழுவின் வழக்குகளை மட்டும் ப்ராஜெக்டாகத் தொடாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அந்த விவரங்களை வெளியிடக் கூடாது என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் தொடக் கூடாது.

முதலாளியிடம் சொல்லலாமா என்றால், கட்டாயம் சொல்லுங்கள். பணம் கேட்காதீர்கள், கட்டணம் உங்களால் கட்டக்கூடியதுதான். தேர்வு நாட்களுக்கு லீவும், ஒரு லைனில் மூன்று மாதம் ப்ராஜெக்ட் செய்ய அனுமதியும் கேளுங்கள். "ஆள் நிக்கிறதில்ல" என்பது அவருடைய தினசரிக் கவலை. அதையே எடுத்துப் படிக்கப் போகிறேன் என்றால் காது கொடுப்பார். வீட்டிலும் சேர்வதற்கு முன்பே பேசிவிடுங்கள். ஞாயிறு காலை மகளை யார் பார்ப்பது, தேர்வு வாரத்தில் சமையல் யார் என்பதைத் தெளிவாகப் பேசி முடிக்க வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்று விட்டால் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

வேலை உயர்வு பற்றிச் சுருக்கமாக. திருப்பூரில் பெரும்பாலான கம்பெனிகளில் நிறுவன மேம்பாடு என்று ஒரு பதவியே கிடையாது. பட்டம் வந்த மறுமாதம் சம்பளம் ஏறாது. கோவை, சென்னை, பெங்களூரு பக்கம் பெரிய நிறுவனங்களின் பயிற்சி, மேம்பாட்டுத் துறைகளுக்கு விண்ணப்பிக்க இது கதவைத் திறக்கும். பையர்களின் சமூகப் பொறுப்பு அலுவலகங்களிலும், தொழிலாளர் நலன் பார்க்கும் அமைப்புகளிலும் உங்கள் ஒன்பது வருட அனுபவத்தோடு சேர்ந்து இதற்கு மதிப்பு உண்டு. அங்கேயும் உங்களை வேலைக்கு எடுப்பவர் முதலில் கேட்பது மதிப்பெண்ணை அல்ல, ப்ராஜெக்டில் என்ன செய்தீர்கள் என்பதைத்தான்.

கடைசியாக இங்கிலீஷ். பாடம் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும். பையருக்குத் தினமும் மெயில் எழுதுபவருக்கு அது முதல் செமஸ்டரோடு பழகிவிடும். தேர்வில் அலங்காரம் வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும். ஆனால் ப்ராஜெக்ட் குறிப்புகளை மட்டும் தமிழில் எழுதுங்கள், அதுவும் அவர்கள் சொன்னது சொன்னபடி. வேலையை விட்டுப் போகும் ஒரு பெண் 'வேலை பிடிக்கலைங்க' என்று சொல்வதும், 'எனக்கு செட் ஆகலைங்க' என்று சொல்வதும், 'வீட்ல வேண்டாங்கறாங்க' என்று சொல்வதும் ஒன்றல்ல. உங்கள் எக்சிட் படிவத்தில் மூன்றுக்கும் 'சொந்தக் காரணம்' என்ற ஒரே கட்டத்தில்தான் டிக் விழுந்திருக்கும். முதலாமவர் லைனைப் பற்றிச் சொல்கிறார். இரண்டாமவர் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறாராக இருக்கலாம். மூன்றாமவர் இரவு வேன் எத்தனை மணிக்கு வீட்டில் விடுகிறது என்பதைப் பற்றிச் சொல்கிறாராக இருக்கலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அடுத்து விலகும் பத்துப் பேர் சொல்வதை இப்படியே எழுதி வையுங்கள். ஜூலை சேர்க்கைக்கு விண்ணப்பம் போடும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.